மாமியாருக்கு மலிவானது, கணவருக்கு உயர்ந்தது: இந்தப் பட்டியல் சரியா?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு பேர். நால்வரின் கைபேசிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தகராறு செய்கின்றன. கணவர் கட்டுமானப் பணிகளை மேற்பார்வையிடுபவர்; பகல் முழுவதும் வெளியில்தான் இருப்பார். மகள் கல்லூரியில் ஊடகம் படிக்கிறாள். வீடியோ எடுப்பதும் தொகுப்பதும் பாடத்திலேயே உண்டு. மாமியாருக்கு 72 வயது. வீடியோ அழைப்பு, வாட்ஸ்அப், வங்கியின் குறுஞ்செய்தி, அவ்வளவுதான். நான் ஆசிரியை. 2023-இல் வாங்கிய சாம்சங் கேலக்ஸி ஏ54 வைத்திருக்கிறேன். மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. கணவருக்கு கேலக்ஸி எஸ்25 அல்ட்ரா, எனக்கும் மகளுக்கும் நடுத்தர விலையில் ஆளுக்கொன்று, மாமியாருக்குக் கிடைப்பதிலேயே மலிவானது என்று பட்டியல் போட்டு, அதற்கான தொகையையும் எடுத்துவைத்திருக்கிறேன். மகளோ ஐபோன்தான் வேண்டும் என்கிறாள். என் பட்டியல் சரியா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பட்டியலில் தெரிவது வீட்டின் மரியாதை வரிசை. கைபேசிக்கு அந்த வரிசை தெரியாது. பழுதுபார்க்கும் மேசையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் நான் கேட்கும் கேள்வி வேறு: இவர் கையில் இந்தக் கருவி எதனால் தோற்கும்? உங்கள் கணவரிடம் பேட்டரியால் தோற்கும். மகளிடம் இடம் போதாமல் தோற்கும். மாமியாரிடம் வேகம் போதாமல் தோற்கும். எங்கே தோற்குமோ அங்கே பணத்தைப் போடுங்கள். மற்ற சிறப்புகள் தானாக வந்தால் வரட்டும், அவற்றுக்கென்று தனியாகக் கொடுக்காதீர்கள்.

உங்களிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் எளிது. நீங்கள் புதுக் கைபேசி வாங்க வேண்டாம், பேட்டரியை மாற்றுங்கள்.

ஏ54, 2023 மார்ச்சில் ஆண்ட்ராய்டு 13-உடன் வந்தது. நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகளும் ஐந்து ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் தருவதாக அப்போதே சாம்சங் அறிவித்தது. ஆக, ஆண்ட்ராய்டு 17 வரை ஏறும். 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். திரை அமோலெட் வகை, 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும்). கேமராவில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஒளியியல் நிலைநிறுத்தம் இருக்கிறது. இடம் போதவில்லை என்றால் மெமரி கார்டு போடலாம். நடுத்தர விலையில் இன்று வேறொன்று வாங்கினால், விடைத்தாள் படம் எடுப்பதிலும் பாடக் குறிப்பு படிப்பதிலும் நீங்கள் உணரக்கூடிய வேறுபாடு பெரிதாக இருக்காது.

மதியத்துக்குள் தீர்ந்துபோவதும் இயல்பானதுதான். லித்தியம் அயன் பேட்டரி தேய்ந்துகொண்டே போகும் பொருள். நூறு சதவீத அளவுக்கு மொத்தமாகச் செலவழித்தால் ஒரு சுற்று என்று கணக்கு. காலையில் அறுபது, மாலையில் நாற்பது என்று பிரித்துச் செலவழித்தாலும் சேர்த்து ஒன்றுதான். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் புதுக் கைபேசிகளின் பேட்டரி, 800 சுற்றுகளுக்குப் பிறகும் குறைந்தது 80 சதவீதக் கொள்ளளவு காட்ட வேண்டும் என்பது விதி. நாளுக்கு ஒரு சுற்று என்றால் அது இரண்டேகால் ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது.

மாற்றுவதற்கு முன் சாம்சங் மெம்பர்ஸ் செயலியில் இருக்கும் பரிசோதனைப் பகுதிக்குள் போய் பேட்டரியின் நிலையைப் பாருங்கள். நன்றாக இருப்பதாகக் காட்டியும் மதியத்துக்குள் தீர்கிறது என்றால் குற்றவாளி வேறு: பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு செயலி, அல்லது பள்ளிக் கட்டடத்துக்குள் சிக்னல் தேடித் தேடிக் கைபேசி களைத்துப்போவது. அமைப்புகளில் பேட்டரிப் பயன்பாட்டைத் திறந்தால் எது தின்கிறது என்று வரிசையாகத் தெரியும். மாறாக, பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தாலோ திரையின் ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏ54 ஐபி67 தரம் (தூசியையும் நீரையும் தடுக்கும் அளவு) பெற்றது. அதாவது புதிதாக இருக்கும்போது ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரைமணி நேரம் தாங்கும். பின்மூடியைச் சூடுகாட்டிப் பிரித்த பிறகு அந்தத் தரத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. புதுப் பசைநாடா போட்டு மூடச் சொல்லுங்கள். அதன் பிறகு மழையில் நனையவிடாதீர்கள்.

இனி மாமியார். உங்கள் கடிதத்தில் நான் சிவப்பு மையால் அடித்தது இந்த ஒரு வரியைத்தான்.

மெதுவான கைபேசி மகளின் கையில் இருந்தால், "இது மந்தமான கருவி" என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும். மாமியார் அப்படி நினைக்கமாட்டார். தாம்தான் சரியாகத் தொடவில்லை என்று எண்ணி மறுபடியும் தொடுவார். முதல் தொடுதலுக்குரிய பக்கம் அப்போதுதான் திறக்கும். இரண்டாவது தொடுதல் அந்தப் புதிய பக்கத்தின் மேல் போய் விழும். அந்த இடத்தில் என்ன பொத்தான் இருந்ததோ அது அழுந்தும். அழைப்பு துண்டிக்கப்படும், பேரக்குழந்தையின் படம் அழியும், எவனோ அனுப்பிய இணைப்பு திறக்கும். "எனக்கு இதெல்லாம் வராது" என்று முதியவர்கள் ஒதுக்கிவைத்த கைபேசிகளைப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவருகிறார்கள். சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது. வாங்கிய நாளிலிருந்தே அது அப்படித்தான் ஓடியிருக்கும்.

இந்த மந்தம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் விளம்பரத்தில் அச்சிடாத ஓர் இடத்திலிருந்து. அடிமட்ட விலைக் கைபேசிகள் பலவற்றில் இன்னும் இஎம்எம்சி என்ற பழைய வகைச் சேமிப்பகம்தான் இருக்கிறது. அதன் உச்ச வேகமே நொடிக்கு 400 மெகாபைட். அதிலும் ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும், இரண்டையும் சேர்த்துச் செய்யாது. யுஎஃப்எஸ் 2.2 என்ற அடுத்த வகை நொடிக்கு ஆயிரம் மெகாபைட் அளவுக்குப் படிக்கும், கூடவே எழுதவும் செய்யும். பழைய வகையோடு 4 ஜிபி ரேமும் (செயலிகள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) சேர்ந்துவிட்டால், பின்னணியில் வாட்ஸ்அப் படங்களை இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் வந்த அழைப்பை எடுக்கக்கூடத் திணறும். அட்டைப்பெட்டியில் "4 + 4 ஜிபி" என்று போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். பின்னால் சொல்லும் நான்கு, அந்த மெதுவான சேமிப்பகத்திலிருந்தே கடன் வாங்கிய இடம். உண்மையான ரேம் அல்ல.

அவருக்கு நான் சொல்வது 2025 மார்ச்சில் வந்த கேலக்ஸி ஏ26. இது அடிமட்ட விலை இல்லை, அதற்கு ஒரு படி மேலே. பெரும்பாலான நாடுகளில் விற்கும் பதிப்பில் உங்கள் ஏ54-இல் இருக்கும் அதே எக்ஸினோஸ் 1380 சிப்தான் இருக்கிறது. ஆக அது எவ்வளவு வேகம் என்று உங்களுக்கே தெரியும். 6.7 அங்குல அமோலெட் திரை இருப்பதால் எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரிகள் நெருங்காது. ஆறு ஆண்ட்ராய்டு பதிப்புகள், ஆறு ஆண்டுப் பாதுகாப்பு: 2031 வரை கவலையில்லை. மூன்றாவதாக, மிக அருகில் வைத்துப் படமெடுக்கும் ஒரு 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா பின்னால் ஒட்டியிருக்கும்; எண்ணிக்கைக்காக வைத்தது, அதை மறந்துவிடுங்கள்.

இதே வரிசையில் ஏ36, ஏ56 என்று மேலே இரண்டு இருக்கும்போது ஏ26 ஏன் என்று கேட்கலாம். காரணம் விலை மட்டும் அல்ல. மேலே உள்ள இரண்டிலும் கைரேகை ஸ்கேனர் திரைக்கு அடியில், ஒளியால் படிக்கும் வகை. வயதானால் விரல்நுனி உலர்ந்து ரேகைகள் தேய்ந்துவிடும்; அந்த ஸ்கேனர்கள் அவர்களைப் பாடாய்ப் படுத்தும். ஏ26-இல் ஸ்கேனர் பக்கவாட்டு பவர் பொத்தானிலேயே இருக்கிறது. எங்கே விரல் வைப்பது என்று தடவிப் பார்த்தே கண்டுகொள்ளலாம். ஒரே விரலை இரண்டு முறை வெவ்வேறு பெயரில் பதிந்துவைத்தால் இன்னும் தவறாமல் திறக்கும்.

சாம்சங்காக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு: ஐயம் வந்தால் அவர் கேட்கப்போவது உங்களைத்தான். உங்கள் கையில் இருப்பதும் அவர் கையில் இருப்பதும் ஒரே மாதிரிப் பட்டியல்களைக் காட்டினால், நீங்கள் பள்ளியில் இருந்தபடியே "மேலிருந்து கீழே இழுங்கள், இடது பக்கம் இரண்டாவது" என்று தொலைபேசியில் சொல்லித்தர முடியும். முதியவருக்கு எந்தக் கைபேசி என்று யார் கேட்டாலும், உதவி செய்யப்போகிறவர் எதை வைத்திருக்கிறார் என்பதைத்தான் முதலில் கேட்பேன். ஐபோன் வைத்திருக்கும் மகனோ மகளோ பார்த்துக்கொள்ளும் தாய்க்கு ஐபோன் 16ஈ பொருந்தும். 2023-இல் ஐஓஎஸ் 17-உடன் வந்த அசிஸ்டிவ் ஆக்செஸ் என்ற வசதி, திரையில் நான்கைந்து பெரிய கட்டங்களை மட்டும் விட்டுவைத்து மற்றதை மறைத்துவிடும்.

வாங்கியதும் நீங்களே ஒரு மாலை உட்கார்ந்து சில அமைப்புகளை மாற்றிக் கொடுங்கள். ஈஸி மோட் போட்டால் சின்னங்கள் பெரிதாகும். அழுத்திப் பிடிக்கும் நேரமும் கூடும். அணுகல்தன்மைப் பகுதியில், அடுத்தடுத்து விழும் தொடுதல்களைப் புறக்கணிக்கும் வசதி இருக்கிறது. மேலே சொன்ன இரட்டைத் தொடுதல் தொல்லைக்கு அதுதான் மருந்து. ஆட்டோ பிளாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். அதிகாரப்பூர்வக் கடைக்கு வெளியிலிருந்து செயலி எதையும் நிறுவ அது விடாது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒரு கோப்பை அனுப்பி நிறுவச் சொல்லும் மோசடிக்காரர்களை அது வாசலிலேயே நிறுத்தும்.

கணவருக்கு நீங்கள் எழுதியிருப்பது எஸ்25 அல்ட்ரா. அருமையான கைபேசி, அதில் குறையில்லை. 6.9 அங்குலம், 218 கிராம், 200 மெகாபிக்சல் கேமரா, கூடவே ஒரு பேனா. இதில் எது அவருக்கு வேண்டும்? அந்த 200 மெகாபிக்சலும் வழக்கமாகப் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துச் சுமார் 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. கட்டடத்தின் விரிசலைப் படமெடுத்து அனுப்ப அது வேண்டியதில்லை. பேட்டரியின் கொள்ளளவோ 5000 எம்ஏஎச். உங்கள் ஏ54-இல் இருக்கும் அதே அளவு.

பகல் முழுவதும் வெளியில் இருப்பவருக்குத் தேவையானவை மூன்று: நீடிக்கும் பேட்டரி, வெயிலில் தெரியும் திரை, தூசி புகாத உடல். பேட்டரியில் இப்போது சிலிக்கான்-கார்பன் என்ற வகை வந்திருக்கிறது. எதிர்மின்வாயில் கிராஃபைட்டோடு சிலிக்கானும் சேர்ப்பதால் அதே கனத்தில் கூடுதல் மின்சாரம் அடங்குகிறது. சாம்சங்கும் ஆப்பிளும் இன்னும் தயங்கிக்கொண்டிருக்க, சீன நிறுவனங்கள் 6000, 7000 எம்ஏஎச் என்று போய்விட்டன. ஒன்பிளஸ் 13ஆர் 6000. போக்கோ எஃப்7-இல் 6500, அதன் இந்தியப் பதிப்பில் 7550. ஆம், ஒரே பெயரில் விற்கும் கைபேசிக்கு நாட்டுக்கு நாடு பேட்டரி மாறுகிறது! எனவே இணையத்தில் எங்கோ யாரோ எழுதிய மதிப்புரையை நம்பி வாங்காமல், கையில் எடுக்கும் பெட்டியின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள்.

வெயிலில் திரை தெரியுமா என்பதற்கு விளம்பரத்தில் இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எழுத்தில் வரும் உச்ச ஒளிர்வு, திரையின் ஒரு சிறு மூலையில் சில நொடிகளுக்கு மட்டும் எட்டுவது. முழுத் திரைக்குரிய எண் சிறிய எழுத்தில் இருக்கும். கூகுள் பிக்சல் 9ஏ-க்கு உச்சம் 2700 நிட்ஸ், முழுத் திரைக்கு 1800. கேலக்ஸி ஏ56-க்கு உச்சம் 1900, முழுத் திரைக்கு 1200. இரண்டாவது எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். அது எங்கும் அச்சிடவில்லை என்றால் கைபேசியை வெயிலுக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள்.

தூசிக்கு ஐபி எண்ணின் முதல் இலக்கம், நீருக்கு இரண்டாவது. 6 என்றால் தூசி அறவே புகாது. 5 என்றால் புகும், ஆனால் கெடுக்கும் அளவுக்குப் புகாது என்று பொருள். சிமெண்ட் தூசியில் புழங்குகிறவருக்கு இரண்டாவது இலக்கத்தைவிட இதுதான் முக்கியம். ஒன்பிளஸ் 13ஆர் ஐபி65, போக்கோ எஃப்7 ஐபி68, மோட்டோரோலா எட்ஜ் 60 ப்ரோ ஐபி68-உம் ஐபி69-உம். மூன்றுமே அந்த வகையில் தேறும். எட்ஜ் 60 ப்ரோ ராணுவத் தரச் சோதனையில் தேறியதாகவும் விளம்பரம் செய்கிறது. அந்தத் தரத்தில் எந்தெந்தச் சோதனைகளைச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆகவே அதற்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், நல்ல உறை வாங்கிப் போடுங்கள். மூன்றில் என் தேர்வு 13ஆர். 2025 ஜனவரியில் வந்தது, ஆறு ஆண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. மோட்டோரோலா புதுப்பிப்பு விஷயத்தில் கைச்சிக்கனம் பார்க்கும் நிறுவனம்.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: மதிய வெயிலில் வண்டியின் முகப்புக் கண்ணாடிக்கு அடியில் கைபேசியைப் போட்டுவைத்தால் எந்த வேதியியலும் தாங்காது. சார்ஜ் போடும் முறையைவிட வெப்பம்தான் பேட்டரிகளை விரைவாகச் சாகடிக்கிறது.

மகளின் விஷயத்தில் நீங்கள் எதிர்பார்க்காத பதில் வரப்போகிறது. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது.

நான்கு பேரில் கைபேசி ஒரு தொழிற்கருவியாக இருப்பது அவளுக்குத்தான். வீடியோவில் ஐபோன் இன்றும் முன்னணியில் இருக்கிறது: லென்சுக்கு லென்ஸ் மாறும்போது நிறம் குதிக்காது, நகர்ந்துகொண்டே எடுத்தாலும் ஒளி அளவு தடுமாறாது. ஆனால் "ஐபோன்" என்றால் எந்த ஐபோன்? 16ஈ மலிவானது, ஆனால் பின்னால் ஒரே கேமரா, அகன்ற கோணம் கிடையாது, திரை 60 ஹெர்ட்ஸ். ஐபோன் ஏர் 5.6 மில்லிமீட்டர் மெலிவுக்காகப் பணம் கேட்கிறது. அதற்கும் ஒற்றைக் கேமராதான். மாணவிக்கு இரண்டும் வேண்டாம். 2025 செப்டம்பரில் வந்த சாதாரண ஐபோன் 17-ஐப் பாருங்கள். முன்பெல்லாம் ப்ரோ வாங்கினால்தான் கிடைத்த 120 ஹெர்ட்ஸ் திரை இதில் வந்துவிட்டது. பின்னால் இரண்டு 48 மெகாபிக்சல் கேமராக்கள். முக்கியமாக, தொடக்கச் சேமிப்பகமே 256 ஜிபி.

அந்த 256 ஏன் முக்கியம் என்பதைக் கணக்காகவே பாருங்கள். ஆப்பிளின் சொந்த அளவுப்படி, நொடிக்கு 60 சட்டகம் வீதம் எடுக்கும் 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்கு 400 மெகாபைட் பிடிக்கும். ஒரு பேட்டியை ஒரு மணி நேரம் எடுத்தால் 24 ஜிபி. 128 ஜிபி கைபேசியில் செயலிகளும் பழைய படங்களும் போக இப்படி மூன்று பேட்டி எடுப்பதற்குள் மூச்சு முட்டிவிடும். ஐபோனில் மெமரி கார்டு போடவும் வழியில்லை. சட்டக எண்ணிக்கையை 30 ஆகக் குறைத்தால் நிமிடத்துக்கு 170 மெகாபைட்தான். பேட்டிக்கு அது தாராளமாகப் போதும் என்று அவளிடம் சொல்லிவையுங்கள்.

ஐபோன் 17-இல் ஒரு குறை இருக்கிறது. யுஎஸ்பி-சி துளை இருந்தாலும் அதன் வேகம் பழைய யுஎஸ்பி 2 அளவுதான். 50 ஜிபி காட்சிகளைக் கேபிள் வழியே மடிக்கணினிக்கு மாற்ற கால்மணி முதல் அரைமணி நேரம் ஆகும். அவளிடம் இருப்பது ஆப்பிளின் மேக் என்றால் கம்பியில்லாமல் கோப்பு அனுப்பும் ஏர்டிராப் உண்டு, சமாளித்துவிடலாம். விண்டோஸ் என்றால் சாம்சங் எஸ்25-ஐயும் ஒரு கை பார்க்கச் சொல்லுங்கள். வேகமான யுஎஸ்பி 3 துளை, மூன்று மடங்கு நெருக்கிக் காட்டும் தனிக் கேமரா, 162 கிராம் எடை, ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு. தொலைவிலிருந்து மேடை நிகழ்ச்சிகளை எடுக்க வேண்டியிருந்தால் அந்த நெருக்கக் கேமரா ஐபோன் 17-இல் இல்லை என்பதும் கணக்கில் வரவேண்டும்.

மூன்றாவது வழி, பயன்படுத்திய ஐபோன் 15 ப்ரோ. புரோரெஸ், லாக் என்று தொழில்முறைத் தொகுப்பாளர்கள் கேட்கும் வடிவங்களில் எடுக்கும். வேகமான யுஎஸ்பி 3 வழியே வெளியே இணைக்கும் எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் நேரடியாகப் பதியும். பாடத்திட்டத்தில் நிறத்திருத்தம் இருந்தால் எனக்கு இதுதான் பிடிக்கும். வாங்கும்போது *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணையும் (கைபேசியின் தனி அடையாள எண்) பெட்டியில் இருப்பதையும் ஒப்பிடுங்கள். அமைப்புகளில் பேட்டரியின் ஆரோக்கியமும் சுற்று எண்ணிக்கையும் தெரியும். ஆப்பிளின் கணக்குப்படி 15 வரிசையின் பேட்டரி 1000 சுற்றில் 80 சதவீதம் காட்ட வேண்டும். 'அறிமுகம்' பகுதியில் உதிரிபாக வரலாறு இருக்கும். திரையோ கேமராவோ மாற்றப்பட்டு, அது அசல் பாகம் இல்லை என்றால் அங்கே தெரிந்துவிடும். விற்பவர் உங்கள் கண்முன்னே தம் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி அழித்துக் கொடுக்க வேண்டும். "வீட்டுக்குப் போய் நீக்கிவிடுகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிக்சல் 9ஏ பற்றியும் அவள் கேட்பாள். அவள் வயதினர் எல்லாரும் கேட்கிறார்கள். நிழற்படத்துக்கு அந்த விலையில் அதற்கு இணை குறைவு, 2032 வரை புதுப்பிப்பும் உண்டு. ஆனால் 200 சுற்றுகளுக்குப் பிறகு பேட்டரியின் மின்னழுத்தத்தைக் கைபேசி தானே படிப்படியாகக் குறைக்கும்; சார்ஜ் நிற்கும் நேரமும் அதோடு குறையும். அதை நிறுத்திவைக்க முடியாது. வீடியோவுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். எதை வாங்கினாலும் சட்டையில் செருகும் ஒரு சிறு ஒலிவாங்கியும் சேர்த்து வாங்கிக்கொடுங்கள். மாணவர் படங்களில் பாதி கெடுவது ஒலியால்தான்.

இப்போது பணம். விலைகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் விகிதம் மட்டும் சொல்கிறேன். எஸ்25 அல்ட்ராவுக்கு ஒதுக்கிய தொகையில் ஐபோன் 17 வாங்கினால், மீதி ஏறக்குறைய ஒன்பிளஸ் 13ஆர்-க்குப் போய்ச் சேரும். உங்களுக்கும் மகளுக்கும் என்று வைத்திருந்த நடுத்தரத் தொகைகளில் ஒன்றே மாமியாரின் ஏ26, உங்கள் புதுப் பேட்டரி, ஒலிவாங்கி, உறைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். மற்றொன்று அப்படியே மிஞ்சும்.

மிஞ்சிய பணத்தைப் பார்த்து ஒரு படி மேலே போகலாமா என்று கடையில் ஆசை காட்டுவார்கள். அப்போது புதுப்பிப்புக் காலத்தை மட்டும் கேளுங்கள். அந்தக் கடிகாரம் நீங்கள் வாங்கிய நாளில் ஓடத் தொடங்குவதில்லை. மாதிரி சந்தைக்கு வந்த நாளிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. ஏழு ஆண்டு உறுதியோடு 2024 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்24-ஐ எப்போது வாங்கினாலும் முடிவு 2031-தான். தள்ளுபடியில் கிடைக்கும் சென்ற ஆண்டு மாதிரியின் விலையை மிச்சமுள்ள ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். பல நேரங்களில் புதிய நடுத்தரக் கைபேசியைவிட அது மலிவாகவே முடியும், சில நேரங்களில் முடியாது. ஆப்பிள் இப்படி ஏழு, எட்டு என்று மேடையில் அறிவிப்பதில்லை. ஆனால் 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர்-க்கு 2025-இல் ஐஓஎஸ் 26 வரும்வரை புதிய பதிப்புகள் வந்துகொண்டிருந்தன.

காத்திருந்தால் விலை இறங்குமா என்றால், முன்பு இறங்கும் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து நினைவகச் சிப்களின் விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போகின்றன. ஆகவே ரேமும் சேமிப்பகமும் கூடுதலாக உள்ள பதிப்பு இன்று கட்டுபடியாகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

சார்ஜர்களைப் பற்றி ஒரு சொல். ஆப்பிளும் சாம்சங்கும் பெட்டியில் தருவதில்லை. யுஎஸ்பி பவர் டெலிவரி, பிபிஎஸ் என்ற இரண்டு பொது வேகச் சார்ஜ் முறைகளும் உள்ள 45 வாட் சார்ஜர் ஒன்று வாங்கினால் உங்களுக்கும் மாமியாருக்கும் மகளுக்கும் பொதுவாக உதவும். ஒன்பிளஸின் வேகச் சார்ஜ் அதன் சொந்த முறையில் ஓடுவது. கணவர் அவருடைய சார்ஜரையே வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் மாமியாருடையதை முடியுங்கள். வாட்ஸ்அப்பை மாற்றும்போது பழைய கைபேசியும் அருகில் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். வங்கிச் செயலி புதிய கருவியை மறுபடி பதிவுசெய்யச் சொல்லும். எல்லாம் ஓடுகிறது என்று தெரியும்வரை சில வாரங்களுக்குப் பழையதை அழிக்காமல் வையுங்கள். பிறகு கூகுள் கணக்கை முதலில் நீக்கிவிட்டு, அதன் பின்பே அமைப்புகள் வழியாக அழியுங்கள். கணக்கை நீக்காமல் பொத்தான்களை அழுத்தி அழித்தால், அடுத்து எடுப்பவருக்கு அது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கச் சொல்லித்தான் பலர் என்னிடம் வருகிறார்கள். உப்பிய பேட்டரி உள்ள பழைய கைபேசி எதுவும் வீட்டில் இருந்தால் அதை மட்டும் மேசை இழுப்பறையில் போட்டுவைக்காமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.